ஆஸ்திரியாவை மூவர் சேர்ந்து அடித்தார்கள்: இது ஆட்டமா, அழுகுணி ஆட்டமா?

டிரியெஸ்ட் தனியன்:

அனைவருக்கும் வணக்கம். ஏழு பேர் 1901ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடுகளாகப் பிரிந்து, தனிக்கடிதங்களில் பேரம் பேசிப் படைகளை நகர்த்தும் டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தை ஆடத் தொடங்கி எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் இணையத்தில் எழுவர் ஆடி முடித்த ஓர் ஆட்டத்தில், ஆட்டத்தின் ஆண்டுக்கு வசந்தம், இலையுதிர் என இரு பருவங்கள், பருவத்துக்கு ஒரு நாள் அவகாசம் என்ற கணக்கில், எனக்கு ஆஸ்திரியா-ஹங்கேரி கிடைத்தது. டிரியெஸ்டைத் தொடமாட்டேன் என்று இத்தாலியும், நடுவிலிருக்கும் கலீசியாவை இருவருமே காலியாக விடுவோம் என்று ரஷ்யாவும் முதல் நாளே எழுதிக்கொடுத்தார்கள். அதை நம்பிக் கடற்படையை அல்பேனியாவுக்கும், புடாபெஸ்டில் இருந்த படையைச் செர்பியாவுக்கும் அனுப்பிவிட்டு, வியன்னாவில் ஒரே ஒரு படையோடு இருந்தேன். 1901 வசந்தத்திலேயே வெனிஸ் படை டிரியெஸ்டுக்குள் நுழைந்தது. அதே பருவத்தில் வார்சா படை கலீசியாவில் வந்து நின்றது. இலையுதிர் காலம் முடிந்தபோது டிரியெஸ்டும் புடாபெஸ்டும் என்னிடம் இல்லை. செர்பியாவும் கிரீஸும் கைக்கு வந்ததால் மூன்று மையங்களோடு (ஒரு மையத்துக்கு ஒரு படை வைத்துக்கொள்ளலாம்) பிழைத்தேன் என்றாலும், அடுத்த ஆண்டு பல்கேரியா வழியாகத் துருக்கியும் சேர்ந்துகொண்டது. 1903 முடிவில் வரைபடத்தில் எனக்கு ஒரு படைகூட இல்லை. மற்றவர்கள் அதன்பின் ஐந்து வாரம் ஆடினார்கள்.

தோற்றதைப் பற்றி நான் புகார் சொல்ல வரவில்லை. நான் கேட்பது வேறு. சதுரங்கத்தில் எதிராளி என்னைவிடத் திறமையானவர் என்றால் தோற்கிறேன். அதில் எனக்குப் பாடம் உண்டு. மூவர் சேர்ந்து ஒருவர்மீது பாயும்போது, அடி வாங்குபவருடைய திறமைக்கு என்ன இடம் இருக்கிறது? நான் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் மூன்று படைகளை வைத்துக்கொண்டு மூன்று நாடுகளைத் தடுத்திருக்க முடியாது. அப்படியானால் பலர் ஆடும் போர்த்தந்திர ஆட்டங்களில் நியாயம் என்ற சொல்லுக்குப் பொருள் ஏதேனும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நாலாம் நகர்வு:

விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சேர்ந்து அடிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. உறுதிமொழியை மீறக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. விதி அனுமதிப்பது நியாயம். அதற்குமேல் பேச இதில் ஒன்றும் இல்லை.

வரைபடக் கிழவர்:

நண்பர் நாலாம் நகர்வு சொன்னது சரி, ஆனால் போதாது. ஆலன் கால்ஹாமர் 1954இல் உருவாக்கி 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த ஆட்டத்தில் பகடை இல்லை, சீட்டு இல்லை. ஒவ்வொரு படைக்கும் வலிமை ஒன்றுதான். ஒரு மாகாணத்தில் நிற்கும் படையை வெளியேற்ற அதைவிடக் கூடுதலான வலிமை வேண்டும். ஒன்றும் ஒன்றும் மோதினால் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். ரஷ்யா நான்கு படைகளோடும் மற்ற ஆறு நாடுகளும் மூன்று மூன்று படைகளோடும் தொடங்குகின்றன. வரைபடத்தில் 34 மையங்கள். தனியாக வெல்ல 18 வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று படை உள்ள ஒருவர் மூன்று படை உள்ள இன்னொருவரை, இருவரும் கவனமாக ஆடும்வரை, எளிதில் அசைக்க முடியாது. இன்னொரு படைக்கு "ஆதரவு" என்று ஓர் உத்தரவு எழுதினால்தான் தாக்குதல் இரண்டாகும்; எதிராளியும் அப்படியே தற்காப்பார் என்பதால், இன்னொருவருடைய படையும் கை கொடுத்தால்தான் கதவு திறக்கும். ஆக, இருவர் சேர்ந்து ஒருவரை அடிப்பது இந்த ஆட்டத்தில் எப்போதாவது நேரும் விபத்து அன்று. அது இல்லாவிட்டால் 1901இல் இருந்த எல்லைக் கோடுகள் 1920இலும் அப்படியே இருக்கும். மூவர் சேர்வது சற்று அரிது, ஆனால் அதற்குக் காரணம் இரக்கம் அன்று. பிடித்த மையங்களை மூவருக்குப் பங்கிடுவது இருவருக்குப் பங்கிடுவதைவிடக் கடினம் என்பதுதான்.

ஆஸ்திரியாவின் நிலை இதில் தனி. வெவ்வேறு நாடுகளின் சொந்த மையங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் இந்த வரைபடத்தில் ஒன்றே ஒன்று. அது வெனிஸும் டிரியெஸ்டும். எனவே இத்தாலிக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த எல்லையைப் பற்றி முதல் நாளே யோசித்தாக வேண்டும். நீங்கள் டிரியெஸ்டிலிருந்து கடற்படையை எடுத்துவிட்டு வியன்னாவை அசையாமல் வைத்திருந்தீர்கள். திறந்த வீட்டுக்குள் நுழைந்தவரைத் திருடன் எனலாம். கதவைத் திறந்து வைத்தவரையும் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும்.

திறமைக்கு இடமில்லை என்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். முதல் பருவத்தில் துருக்கிக்கு எத்தனை கடிதம் எழுதினீர்கள்?

வில்லாளர் வரிசை:

டிப்ளமசி எனக்குத் தெரியாது. நான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினிப் போர் ஆட்டத்தின் இரண்டாம் பாகம் ஆடுகிறவன். ஆனால் சேர்ந்து அடிப்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எல்லா ஆட்டங்களுக்கும் ஏறக்குறைய பொது என்பதால் எழுதுகிறேன். பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916இல் எழுதியபடி, தூரத்திலிருந்து சுடும் இரு படைகள் மோதும்போது ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். என்னிடம் 10 வில்லாளர், உங்களிடமும் 10 என்றால் இருவரும் அழிவோம். நானும் இன்னொருவரும் சேர்ந்து 20 பேரோடு உங்கள் 10 பேரைத் தாக்கினால், 400இலிருந்து 100ஐக் கழித்து 300. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17. அதாவது உங்களை முற்றிலும் அழித்துவிட்டு நாங்கள் இழப்பது மூன்றே பேர். அதோடு நில்லாமல் அடுத்த வீட்டுக்காரருடைய 10 பேர்மீதும் பாய்ந்தால், 300இலிருந்து இன்னொரு 100ஐக் கழித்து 200. அப்போதும் 14 பேர் மிஞ்சுவார்கள். நேர்மையாக ஒருவரோடு ஒருவர் மோதுவோம் என்று இருந்தவர்கள் அதற்குள் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டியிருப்பார்கள்.

குறுகிய வாசலில் வாளோடு நிற்கும் படைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் பின்வரிசையில் நிற்பவர் கை எட்டாது. மதில் கட்டுவதன் பயனே அதுதான். ஆனால் திறந்த வெளியில் இதைத் தெரிந்துகொண்ட எவரும் தனியாகச் சண்டைக்குப் போகமாட்டார். இதில் வன்மம் எதுவும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நால்வருக்கு நால்வர் ஆட்டத்தில் எதிரணியின் இருவர் ஓரத்தில் இருக்கும் என்மீது பாய்வது அன்றாடம் நடப்பது. நான் அலறுவேன், அணித்தோழர் படை அனுப்புவார் அல்லது காலியாகக் கிடக்கும் எதிரியின் ஊரைக் கொளுத்துவார். அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. ஆனால் அணி பூட்டப்படாமல், அவரவர் தனித்தனி என்று தொடங்கிய ஆட்டத்தில் இருவர் பாதியில் கூட்டாளியாகிவிட்டால் அன்றைக்கு அரட்டைப்பெட்டி முழுவதும் வசவுதான். அடி ஒரே அளவு; கோபம் மட்டும் வேறு. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

கோதுமை வயல்:

விளங்கவில்லை என்று நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஞாயிறு மாலைகளில் என் அண்ணன் பிள்ளைகள் இருவரோடும் அண்ணியோடும் கட்டான் ஆடுவது எங்கள் வீட்டு வழக்கம். கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் வெளிவந்த அந்தப் பலகை ஆட்டத்தில் ஒருவரை அடித்து வெளியேற்ற வழியே இல்லை. பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்வார், மற்றவர்கள் கடைசிவரை மேசையிலேயே இருப்பார்கள். ஆனாலும் அழுகை வந்துவிடுகிறது. இரண்டு பகடைகளின் 36 வாய்ப்புகளில் ஆறில் ஏழு விழும். விழுந்தால் கொள்ளையன் என்ற காயை, அது நிற்கும் நிலம் விளைச்சல் தராது என்பதால், யாருடைய நிலத்திலாவது நகர்த்தியே ஆக வேண்டும். சென்ற மாதம் பெரியவன் எட்டுப் புள்ளியில் இருந்தான். மூன்று முறை தொடர்ந்து கொள்ளையன் அவனுடைய நிலத்திலேயே போய் உட்கார்ந்தான். செங்கல்லுக்குக் கம்பளி மாற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டால் மூவரும் தலையாட்ட மறுத்தோம். "அழுகுணி ஆட்டம்" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணியோ கண்ணுக்குத் தெரிந்த ஆறு புள்ளிகளோடு அமைதியாக இருந்தார். கவிழ்த்து வைத்திருந்த வளர்ச்சிச் சீட்டுகளில் இரண்டு புள்ளி இருந்தது எங்களுக்குத் தெரியாது. இரண்டு புள்ளி தரும் நீளச்சாலையை எடுத்தார், பத்து ஆயிற்று.

முன்னணியில் இருப்பவரைச் சேர்ந்து இழுப்பதை நான் அநியாயமாக நினைக்கவில்லை. அது இல்லாவிட்டால் முதல் அரைமணி நேரத்தில் பகடை யாருக்கு ஒத்துழைத்ததோ அவரே கடைசியில் வெல்வார். எங்கள் தவறு, உண்மையில் முன்னணியில் இருந்தவர் யார் என்று பார்க்காமல், முன்னணியில் இருப்பதுபோல் தெரிந்தவரை அடித்தது. ஆனால் டிரியெஸ்ட் தனியன் அவர்களுடைய ஆட்டத்தில் முதல் பருவத்தில் முன்னணி என்று யாருமே இல்லையே. அங்கே எந்த அடிப்படையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பலவீனமானவரைத் தேடி அடிப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆஸ்திரேலியாவில் அடைந்தவர்:

உலக வரைபடத்தில் படைகளால் நிலம் பிடிக்கும் ரிஸ்க் என்ற பலகை ஆட்டம் ஆடுபவன் நான். இந்த இழையில் நான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன். நான்கு நிலப்பகுதிகளைப் பிடித்தால் ஆஸ்திரேலியா முழுவதும் என்னுடையது. சுற்றுக்கு இரண்டு படை கூடுதல். உள்ளே வரச் சயாமிலிருந்து இந்தோனேசியாவுக்கு ஒரே வழி. அந்த வாசலில் படையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் வளர்வது எல்லோருக்கும் தெரியும். என்னை முதலில் தாக்குபவர் தம் படையில் பாதியை இழப்பார், அவருடைய நிலத்தை மூன்றாமவர் பிடித்துக்கொள்வார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனவே ஒவ்வொருவரும் மற்றவர் போகட்டும் என்று காத்திருப்பார்கள். பலமுறை நான் வென்றது இப்படித்தான். சேர்ந்து அடிப்பது அதிகமாகிவிட்டது என்று நீங்கள் வருந்துகிறீர்கள். என் அனுபவத்தில் தேவையான நேரத்தில் யாரும் சேர்வதே இல்லை.

டிரியெஸ்ட் தனியன்:

வரைபடக் கிழவர் ஐயாவின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். முதல் பருவத்தில் துருக்கிக்கு ஒன்றும் எழுதவில்லை. 1902இல் பல்கேரியாவிலிருந்து படை கிளம்பிய பிறகுதான் ஒரு கடிதம் எழுதினேன். அதுவும் கெஞ்சலாக இருந்தது. வில்லாளர் வரிசையின் கணக்கைப் படித்தபின், இத்தாலியும் ரஷ்யாவும் சேர்ந்ததில் எனக்கிருந்த கோபம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் முதல் பதிவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். வெட்கமாக இருந்ததே காரணம்.

ஆட்டம் முடிந்த பிறகு பொதுப்பெட்டியில் இத்தாலி ஆடியவர் எழுதினார். ஆறு மாதத்துக்கு முன் நடந்த வேறோர் ஆட்டத்தில் அவர் பிரான்ஸ், நான் ஜெர்மனி. மூன்று ஆண்டுகள் அவரோடு கூட்டாக இருந்துவிட்டு நான் அவரை முதுகில் குத்தினேன். அப்போதே அவரும், இப்போது ரஷ்யா ஆடிய அவருடைய நண்பரும், அடுத்த ஆட்டத்தில் எனக்கு எந்த நாடு கிடைத்தாலும் முதலில் என்னை முடித்துவிடுவது என்று பேசிவைத்துக்கொண்டார்களாம். நாடுகளைக் குலுக்கிப்போடுவதற்கு முன்பே என் முடிவு எழுதப்பட்டுவிட்டது.

நெறியாளர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த ஆட்டத்தின் எண்ணையோ ஆடியவர்களின் புனைபெயர்களையோ இங்கே யாரும் எழுத வேண்டாம். பொதுவாகப் பேசுவதற்குத் தடையில்லை.

வரைபடக் கிழவர்:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கதவைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் விடை கிடைக்கிறது.

ஒரு தாக்குதல் நியாயமா என்று பார்க்க நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த நாட்டை வேறு யார் ஆடியிருந்தாலும் இவர்கள் இதையே செய்திருப்பார்களா? ஆம் என்றால், இருவர் அல்ல, அறுவர் சேர்ந்து அடித்தாலும் அது ஆட்டம். டிரியெஸ்ட் வெனிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கடற்படை போய்விட்டது, ரஷ்யாவும் வருகிறது, எனவே நுழைகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தாக்குவது ஆஸ்திரியாவை. குலுக்குவதற்கு முன்பே, எந்த நாடாக இருந்தாலும் சரி என்று முடிவு செய்தவர்கள் தாக்குவது ஆஸ்திரியாவை அல்ல, உங்களை. வரைபடம் அவர்களுக்கு வெறும் சாக்கு. வில்லாளர் வரிசை விளங்கவில்லை என்று சொன்னாரே, அந்தக் கோபத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டிய அணியில் எனக்கும் அணி உண்டு, எதிரிக்கும் அணி உண்டு. எல்லோருக்கும் அது முன்கூட்டியே தெரியும். தனித்தனி என்று அறிவித்துவிட்டு, இருவர் மட்டும் வெளியிலேயே பேசிவைத்துக்கொண்டு உள்ளே வந்தால், அவர்கள் ஆடுவது ஓர் ஆட்டம், மற்ற ஐவர் ஆடுவது வேறோர் ஆட்டம். வெப்டிப்ளமசி போன்ற தளங்களில் ஒருவரே இரண்டு கணக்குகளில் ஆடுவதும், ஆட்டத்துக்கு வெளியே கூட்டு வைத்துக்கொண்டு வருவதும் தடை செய்யப்பட்டிருப்பதும், யார் எந்த நாடு என்று தெரியாதபடி ஆடும் வசதி இருப்பதும் இதனால்தான்.

கோதுமை வயல் அம்மா கேட்டதற்கும் ஒரு வார்த்தை. பலவீனமான இடத்தைத் தாக்குவது வேறு, பலவீனமான ஆளைத் தாக்குவது வேறு. முதல் முறை ஆட வந்தவர் யார் என்று தெரிந்துகொண்டு அவரைச் சுற்றி வளைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவுகோல் அவர்களுக்கும் அதேதான்.

பழைய எடைக்கல்:

எனக்கு உடன்பாடு இல்லை. கடைத்தெருவில் ஒருமுறை எடை குறைத்துக் கொடுத்தவரிடம் மறுமுறை வாங்காமல் இருப்பது பழிவாங்குவதாகுமா? டிரியெஸ்ட் தனியன் வாக்குக் கொடுத்து மீறுபவர் என்று அந்த இருவருக்கும் தெரியும். தெரிந்ததை மறந்துவிட்டு ஒவ்வோர் ஆட்டத்தையும் புதிதாகப் பிறந்தவர்கள்போல் தொடங்க வேண்டும் என்று கேட்பது, வாக்குத் தவறுபவருக்கு மட்டுமே லாபம் தரும் ஏற்பாடு. ஒரே குழுவில் பத்து ஆண்டுகள் ஆடுபவர்கள் நடுவே பெயர் கெடும் என்ற அச்சம் ஒன்றுதான் கடிதங்களுக்கு மதிப்புக் கொடுக்கிறது. யார் என்று தெரியாமல் ஆடுவது அந்த அச்சத்தையும் எடுத்துவிடுகிறது. அதை நியாயம் என்று கொண்டாடுகிறீர்கள்.

அத்துடன், ஆளைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியமா? மெட்டா நிறுவனம் உருவாக்கிய சிசரோ என்ற நிரல் 2022இல் வெப்டிப்ளமசியில் 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்தது. அதுவும் கடிதம் எழுதித்தான், கூட்டுச் சேர்ந்துதான் ஆடியது. அந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கப் பழைய கோபம் எதுவும் இல்லாத அப்படி ஒரு நிரலால்தான் முடியும்போல் இருக்கிறது.

வரைபடக் கிழவர்:

எடைக்கல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எடை குறைத்தவரிடம் வாங்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் சொந்தக் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அவருடைய கடையின் பூட்டை உடைப்பதை வியாபாரம் என்று நான் சொல்லமாட்டேன். நம்ப மறுப்பது ஒன்று. அழிக்கவே வருவது இன்னொன்று. முதலாவது, நான் வெல்வதற்காக. இரண்டாவது, நான் வென்றாலும் தோற்றாலும் அவர் தோற்க வேண்டும் என்பதற்காக. டிரியெஸ்ட் தனியன், அந்த இத்தாலி கடைசியில் என்ன ஆயிற்று?

டிரியெஸ்ட் தனியன்:

1907இல் துருக்கி அவரை முடித்தது. நேப்பிள்ஸில் கடைசிக் கடற்படை போனபோது ரஷ்யா உதவிக்கு வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரைபடக் கிழவர்:

எதிர்பார்த்ததுதான். ஆஸ்திரியா சீக்கிரம் விழுந்தால் துருக்கிக்கு எதிரே தடுப்பு இல்லை, துருக்கி வளர்ந்தால் அதன் கடற்படை நேரே வருவது இத்தாலிக்கு. இந்த ஆட்டத்தைச் சில முறை ஆடிய எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் ஆஸ்திரியாவோடு சமாதானமாக இருந்துகொண்டு துருக்கியை நோக்கிக் கப்பல் அனுப்பும் லெப்பாண்டோ என்ற தொடக்கத்தை இத்தாலிக்காரர்கள் இவ்வளவு விரும்புகிறார்கள். தம்முடைய நலனுக்கு எதிராக ஒருவர் தாக்கினால் அங்கே ஆட்டத்துக்கு வெளியிலிருந்து ஏதோ வந்திருக்கிறது.

பழைய எடைக்கல்:

அல்லது அவர் மோசமாக ஆடுபவராக இருக்கலாம். பழிவாங்குபவரையும் தெரியாமல் ஆடுபவரையும் உத்தரவுத் தாளை மட்டும் பார்த்து எப்படிப் பிரிப்பீர்கள்? இந்த ஆட்டத்தில் அவரே வாய்விட்டுச் சொன்னதால் தெரிந்தது. சொல்லாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. அளவுகோல் இருக்கிறது, அளப்பவர் கையில் வெளிச்சம் இல்லை.

வரைபடக் கிழவர்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சாய்வு நாற்காலி:

நீங்கள் இருவரும் ஆடுபவர்களின் மனத்தைத் துருவிக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் வேறு வழியில் யோசித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். 1977இல் வந்த காஸ்மிக் என்கவுண்டர் என்ற பலகை ஆட்டத்தில் யாரைத் தாக்குவது என்பதை நீங்கள் பொதுவாகத் தேர்ந்தெடுக்க முடியாது. சீட்டு எடுக்க வேண்டும், சீட்டு காட்டும் நிறத்தாரைத்தான் தாக்க வேண்டும். அதன்பின் இரு தரப்பும் மற்றவர்களைத் துணைக்கு அழைக்கலாம். அடிபடுபவருக்கும் துணை கேட்கும் உரிமை உண்டு என்பதோடு, துணை வந்தவருக்கும் லாபத்தில் பங்கு உண்டு. பழைய பகையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவருக்குச் சீட்டு ஒத்துழைத்தால்தான் உண்டு. சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தின் ஆறாம் பாகத்துக்கு 2018இல் வந்த விரிவாக்கம் எதிர்த்திசையில் போனது. ஒருவர் மிஞ்சிப் போகும் செயலைச் செய்தால், உதாரணமாக ஒரு நகர அரசைப் பிடித்துக்கொண்டால், அவசரநிலை அறிவிக்கப்பட்டு மற்றவர்கள் அவருக்கு எதிராகச் சேரலாம். குறித்த காலத்துக்குள் இலக்கை அடைந்தால் அவர்களுக்குப் பரிசு, தடுத்துவிட்டால் அவருக்குப் பரிசு. ஆஸ்திரேலியாவில் அடைந்தவர் சொன்ன, யாரும் முதலில் போகமாட்டேன் என்கிற சிக்கலுக்கு அது ஒரு விடை: முதலில் போவதற்கு ஏதோ கூலி கொடுத்துவிடுகிறது.

ஆனால் என்னைக் கேட்டால், முதல் பதிவில் உள்ள உண்மையான வலி அதன் முதல் பத்தியின் கடைசி வரியில் இருக்கிறது. மற்றவர்கள் அதன்பின் ஐந்து வாரம் ஆடினார்கள். சிறுவயதில் எங்கள் தெருவில் ஓடத் தெரியாத சின்னப் பிள்ளைகளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். பிடித்தாலும் ஆட்டமிழப்பு இல்லை, ஆனால் கூட ஓடலாம். அது அவமானம்தான் என்றாலும் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட மேல் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டானில் அண்ணன் மகன் அழுதாலும் மேசையில் இருந்தான், அடுத்த ஏழு அவனுக்கும் விழலாம். ஒருவரை வெளியேற்றிவிட்டு ஆட்டம் மட்டும் வாரக்கணக்கில் தொடரும் எந்த வடிவத்திலும், சேர்ந்து அடிப்பது அதன் உண்மையான அளவைவிடக் கொடியதாகவே தெரியும்.

கோதுமை வயல்:

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் ஒரு விதி சேர்த்தோம். இரண்டு புள்ளிக்கு மேல் எடுக்காதவருடைய நிலத்தில் கொள்ளையனை வைக்கக் கூடாது. பலரும் இப்படி ஆடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சின்னவன் உடனே ஒரு கேள்வி கேட்டான்: "வேண்டுமென்றே இரண்டிலேயே இருந்துகொண்டு சீட்டாகச் சேர்த்தால்?" பதில் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நாலாம் நகர்வு:

அந்தச் சின்னவனை இங்கே சேர்த்துவிடுங்கள். முதல் பக்கத்தில் நான் எழுதியதைப் பற்றி: விதி அனுமதிப்பதே நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் குலுக்கலுக்கு முன் பேசிவைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்தத் தளத்தின் விதிதான் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்த இருவர்மீதும் புகார் கொடுத்தீர்களா?

டிரியெஸ்ட் தனியன்:

கொடுக்கவில்லை. கொடுப்பதற்காகப் பழைய ஆட்டத்தின் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நான் ஜெர்மனியாக இருந்தபோது, பிரான்ஸுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், இந்த ஆட்டம் மட்டுமல்ல, அடுத்த ஆட்டங்களிலும் நாம் கூட்டாளிகளாக இருப்போம் என்று எழுதியிருந்தேன். அவரை நம்பவைப்பதற்காக எழுதியது. மறுநாளே பிரான்ஸின் பர்கண்டியில் நுழைந்துவிட்டேன். ஆட்டத்துக்கு வெளியே கூட்டு வைக்கும் பேச்சை முதலில் எடுத்தவன் நான்தான். ஐயாவின் அளவுகோலை என்மீதே வைத்துப் பார்த்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

பகை இரண்டும் துணை இன்மையும் வாய்த்தவன் அந்த இரண்டில் ஒன்றை இனிய துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்று குறளில் பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில் ஒரு பாட்டு இருப்பதை என் தந்தை இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார். டிரியெஸ்ட் போன அன்று எனக்கு அது தெரிந்திருந்தால் ரஷ்யாவுக்கு வேறு மாதிரி எழுதியிருப்பேன். பயன்பட்டிருக்குமா என்பது வேறு விஷயம், ஏனென்றால் அவர் நண்பருக்குக் கொடுத்த வாக்கில் நின்றவர்.

நேற்றுப் புதிய ஆட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. இன்று இரவுக்குள் முதல் பருவத்தின் உத்தரவுகளை அனுப்ப வேண்டும். ஆறு பேருக்கும் முதல் நாளே கடிதம் எழுதிவிட்டேன்.

நெறியாளர்:

மேலே உள்ள பதிவின் கடைசி வாக்கியத்தை அடுத்து இருந்த ஒரு வரி நீக்கப்பட்டுள்ளது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் நீங்கள் எந்த நாடு அல்ல என்று இங்கே எழுதுவதும் விதிமீறல்தான்.